சுவருக்கு எந்தப் பக்கம்

கோகிலவாணி எந்த வீடியோவையும் முகத்திலிருந்து பார்க்கத் தொடங்குவதில்லை. முதலில் அதன் வயிற்றைத் திறப்பாள். உள்ளே வரிசையாக நிற்கும் எண்களை, சிலர் காலையில் ராசிபலன் படிப்பதுபோல, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்து முடிப்பாள். அதற்குப் பிறகு பொழுது மிச்சமிருந்தால்தான் பேசுகிற ஆளின் முகம். பெரும்பாலும் மிச்சமிருப்பதில்லை.

முத்திரைச் சட்டம் வந்து ஒன்பது வருடமாகிறது. அதற்கு முன்பு போலி வீடியோக்கள் பெருகிப்போய், செத்தவர்கள் ஓட்டுக் கேட்டார்கள், உயிரோடிருந்தவர்கள் செய்யாத குற்றத்தைக் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார்கள். இனி எதையும் நம்பமாட்டோம் என்று ஜனங்கள் முறுக்கிக்கொண்டபோது அரசாங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. எந்தக் கேமராவில் எடுத்தாலும், எடுத்த இடம், உயரம், நேரம் மூன்றும் கோப்புக்குள்ளேயே பூட்டப்பட்டுவிடும். முன்பும் வீடியோக் கோப்புகளுக்குள் இடம் ஒளிந்திருந்ததுதான், வேண்டாதவர்கள் அழித்துக்கொள்வார்கள். இப்போது இடத்தை அழித்தால் வீடியோவும் கூடவே அழியும். முத்திரை இல்லாத வீடியோவுக்குச் சட்டத்தின் கண்ணில் பொம்மைப்படம் என்று பெயர்.

போலி ஒழிந்தது, வாஸ்தவம். கூடவே, "கிளம்பிட்டேன், பாதி வழியில இருக்கேன்" என்ற, இந்த ஊரையே சண்டையில்லாமல் வைத்திருந்த வாக்கியமும் ஒழிந்தது. பிடிக்காத கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க வெளியூர் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால், எங்கே, ஒரு வீடியோ அனுப்புங்கள் என்கிறார்கள். ஒன்பது வருடத்தில் கோயம்புத்தூரில் எத்தனை குடும்பங்கள் உண்மையால் பிரிந்தன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஆனால் பிரிகிறவர்களைச் சரிபார்க்க ஒரு நிலையம் திறந்தார்கள். கோகிலவாணி வேலை பார்ப்பது அங்கேதான்.

பிரிவுச் சான்று நிலையம் என்று பலகை. இருவரும் சம்மதித்து விவாகரத்துக் கேட்கிறவர்கள் ஒரு வருடம் தனித்தனியே வாழ்ந்து காட்ட வேண்டும். வாரம் ஒரு வீடியோ, ஒரு நிமிடம், வெறும் சுவருக்கு முன்னால் நின்று, "நான் இன்னார், தனியாக வசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஆளுக்கு ஐம்பத்திரண்டு. விலாசத்துக்குப் பத்து மீட்டருக்குள் எடுத்திருந்தால் மெஷின் பச்சை விளக்குக் காட்டிவிடும். மெஷினுக்குப் பெருந்தன்மை உண்டு. கோகிலவாணிக்குக் கிடையாது. பச்சை விளக்கு எரிந்த கோப்புகளிலிருந்து மட்டும் நானூற்றுப் பதினோரு ஜோடிகளைப் பிடித்திருக்கிறாள். அந்த எண்ணைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு மிதப்பு வரும். நியாயமான மிதப்புதான்.

ஒரு வெள்ளிக்கிழமை கவின்குமார், சம்யுக்தா என்ற தம்பதியின் கோப்பு அவள் மேஜைக்கு வந்தது. கோப்பு வருடம் முடியும்போதுதான் அவளிடம் வரும்; ஐம்பத்தோரு வாரம் முடிந்திருந்தது. கடைசி வீடியோ ஞாயிறன்று வர வேண்டும். முப்பத்தாறு வாரம் வரைக்கும் எண்கள் சாதுவாக நின்றன. முப்பத்தேழில் கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு கண்காணிப்பாளர் அறவாழியின் அறைக்குப் போனாள். அறவாழி ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. எண்கள் என்றாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

"சார், இதைப் பாருங்க. பொண்ணோட வீடியோ. அஞ்சாவது இலக்கம் நாலு நகந்திருக்கு."

"இலக்கம் நகந்தா என்னம்மா இப்ப?"

"புள்ளிக்கு அப்புறம் அஞ்சாவது இலக்கம்னா ஒண்ணுக்கு ஒரு மீட்டருங்க, தோராயமா. ஆறாவதுன்னா அரைச் சாண். அப்ப நாலு மீட்டர் மேற்கே தள்ளி நின்னு பேசியிருக்கு."

"காத்து வரும்னு சன்னலோரமா நின்னிருக்கும்."

"அந்த வீட்டுக்கு மேற்க சன்னல் கிடையாதுங்க சார். சுவருதான். இந்தப் பொண்ணு சுவருக்கு அந்தப் பக்கம் நிக்குது."

அறவாழி மேஜைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். கோகிலவாணி விளக்கினாள். பெண்ணின் விலாசம் வேலன் நகர் நான்காம் வீதி. பையனின் விலாசம் பழைய மில் ரோடு. வேறு வீதி, வேறு பின்கோடு, காகிதத்தில் பார்த்தால் பஸ் ஏறிப் போக வேண்டிய தூரம். எண்களைப் படத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கட்டடம். இரண்டு வீதிக்கு இரண்டு வாசல், இரண்டு படிக்கட்டு. மூன்றாவது மாடியில் இரண்டு வீடும் ஒரே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருக்கின்றன. முப்பத்தேழாவது வாரத்திலிருந்து பெண் தன் வீடியோவைப் பையன் வீட்டில் எடுக்கிறாள். பையன் பெண் வீட்டில் எடுக்கிறான்.

"சேந்து இருந்துட்டே விவாகரத்துக் கேக்கறாங்களா? எதுக்கும்மா?"

"அதைத்தான் பாக்கோணும்" என்றாள் கோகிலவாணி. நானூற்றுப் பன்னிரண்டு என்று அவள் மனம் அப்போதே எழுதிவிட்டது.

பொய் நிரூபணமானால் மனு தள்ளுபடி. திரும்ப மனுப் போட வேண்டுமென்றால் இன்னொரு வருடம், முதல் வாரத்திலிருந்து. கோப்பில் காரணமும் இருந்தது, படிக்கச் சுவாரசியமாகவே இருந்தது. பையன் பக்கத்துக் கல்யாண விருந்து ஒன்றில் பெண்ணின் அப்பா சென்னியப்பனை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். பையனின் அப்பா நாச்சிமுத்து, எழுந்தவர் எழுந்தவராகவே போகட்டும் என்றார். அப்பாக்களுக்காகப் பேசப்போய்க் கணவனும் மனைவியும் சண்டையை இழுத்துக்கொண்டார்கள். இரண்டு வீட்டிலும் சேர்த்து இருபத்திரண்டு பங்காளிகள் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் கோப்பின் கடைசியில் இருந்தது. அதைக் கோகிலவாணி படிக்கவில்லை. அதில் எண்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் அந்தக் கட்டடத்தின் பக்கத்துச் சந்தில் இருந்த பேக்கரியில் போய் உட்கார்ந்தாள். சட்டப்படி நேரில் போக வேண்டியதில்லை. ஆனால் நானூற்றுப் பதினோரு ஜோடிகளையும் எண்ணாகவே பிடித்தவளுக்கு, ஒருமுறையாவது ஆளாகப் பார்க்க ஆசை. காபியும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

இரண்டு பால்கனிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் இடுப்பளவுச் சுவர். சுவரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளாஸ்டிக் ஸ்டூல். சம்யுக்தா ஒரு தட்டை நீட்டினாள். கவின்குமார் ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தான். உப்பு இல்லை போல. அவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டு, ஸ்டூலில் ஏறிச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தான். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் ஸ்டூல் ஏறி அவன் பக்கம் வந்தார்கள். அவன் போனைப் பிடிக்க, அவள் சுவரோரம் நின்றாள். "தனியாக வசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் சிரித்துவிட்டாள் போலிருக்கிறது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி சிரித்தாள். மூன்றாவது முறை அவன் சிரிக்க, போன் கீழே விழப்பார்த்தது. கோகிலவாணி கைப்பழக்கத்தில் அதை நாற்பது விநாடி வீடியோ எடுத்துக்கொண்டாள். காபி ஆறிப்போயிருந்தது.

திங்கள் காலை ஐம்பத்திரண்டாவது வீடியோ வந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவள் எண்களை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். துக்க வீட்டில் நிற்பவள் முகம். "நான் சம்யுக்தா. தனியாக வசிக்கிறேன்." வாயோரம் மட்டும் ஒரு இழை துடித்தது.

கோகிலவாணிக்கு நெஞ்சு இளகிவிட்டது. இந்தப் பிள்ளைகள் கல்யாணம் என்ற பேரில் இரண்டு வீட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். பிரிவு என்ற பேரில் ஒரு சுவருக்கு இரு பக்கமும் சந்தோஷமாக இருக்கிறார்கள். விவாகரத்து வாங்கினால்தான் சேர்ந்து வாழ முடியும் போலிருக்கிறது, பாவம். இதைப் போட்டுக் கொடுத்து, திரும்ப அந்த மூன்றாம் பந்திக்கே இவர்களை அனுப்புவதா? வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கண்ணை மூடினால் வானம் இடிந்து விழாது. பத்து இருபதுக்கு, "குறையில்லை, இருவரும் தனியே வசித்தனர்" என்று சான்றில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, தன் நல்ல மனதை எண்ணித் தானே கொஞ்சம் கண் கலங்கினாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நீதிமன்றத்தில் தீர்ப்பு.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது அவர்கள் இருவரும் வந்து நின்றார்கள். சம்யுக்தாவின் கையில் சான்றின் நகல். கவின்குமாரின் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஏனுங்க்கா" என்றாள் சம்யுக்தா, "எங்க கோப்பை நீங்கதானே பாத்தீங்க?"

"நான்தான் கண்ணு. கவலைப்படாதீங்க, எல்லாம் சுத்தமா இருக்குது."

"எப்படிங்க்கா சுத்தமா இருக்கும்? பதினாறு வாரமா நான் இவரு வீட்டுலதான் நின்னு எடுத்தேன். இவரு என் வீட்டுல நின்னு எடுத்தாரு. அஞ்சாவது இலக்கத்துல நல்லாத் தெரியற மாதிரி நாலு மீட்டர் தள்ளி நின்னோமுங்க."

கோகிலவாணி உருட்டிய சோற்றை அப்படியே வைத்தாள். "வேணும்னேவா எடுத்தீங்க?"

"வேணும்னேதானுங்க. மத்த ஊரு நிலையத்துல யாரும் எண்ணைப் படிக்கறதில்லைன்னு சொன்னாங்க. கோயம்புத்தூருல ஒரு அம்மா இருக்காங்க, அரைச் சாண் கூட விடமாட்டாங்கன்னு கேள்விப்பட்டுத்தான் இப்படித் தள்ளி நின்னோம். பதினாறு வாரமா எப்ப புடிப்பீங்க, எப்ப புடிப்பீங்கன்னு உக்காந்திருக்கோம்."

"சேந்து வாழோணும்னா மனுவைத் திரும்ப வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே. ஒரு கையெழுத்து."

கவின்குமார் கோப்பின் கடைசிக் காகிதத்தைப் பிரித்து அவள்முன் வைத்தான். இருபத்திரண்டு பங்காளிகளின் காகிதம். எந்தப் பக்கம் மனுவைத் திரும்ப வாங்குகிறதோ அந்தப் பக்கத்து அப்பா, சொந்தம் முழுக்கக் கூடியிருக்கையில், தாம்பூலத் தட்டோடு எதிர்வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"எங்கப்பா அப்படிப் போய் நின்னாருன்னா அப்புறம் வெளிய தலை காட்ட மாட்டாருங்க" என்றான் அவன். "மாமாவும் அப்படித்தான். ரெண்டு பேரும் சேந்து வாங்கலாம்னா, யாரு முதல்ல கையெழுத்துப் போட்டதுன்னு கேப்பாங்க. நீங்க புடிச்சு, கோர்ட்டு தள்ளிட்டா, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தப்புப் பண்ணுனதா ஆயிருமுங்க. யாரும் தோக்கலை. சட்டமே சேத்து வச்சிருச்சுன்னு வாயை மூடிக்குவாங்க."

"எங்களுக்கு நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும்தான் டைமு" என்றாள் சம்யுக்தா. இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கணவனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கூட்டத்தில் தொலைந்துவிடுவான் என்று பயந்தவளைப்போல.

ஆயுளில் ஒருமுறை இரக்கப்பட்டதன் லட்சணம் இது. கோகிலவாணிக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் காது சூடாகியது. அவர்கள் எதிர்பார்த்தது அவளுடைய கல்நெஞ்சை. அதை நம்பி ஒரு குடித்தனத்தையே பந்தயம் வைத்திருந்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் நல்லவளாகிவிட்டாள்.

"போய் ஆளுக்கொரு வாசல் வழியா வீட்டுக்குப் போங்க" என்றாள். "இங்க வந்ததா யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. நானும் சொல்லமாட்டேன்."

கொடுத்த சான்றைத் திரும்பப் பெற மூன்று காரணம்தான் சட்டத்தில் உண்டு. மெஷின் தவறு என்றால் ஒன்பது வருடத்துக் கோப்பு முழுக்கக் கிளற வேண்டும். சரிபார்ப்பவர் கண் தவறியது என்றால் நானூற்றுப் பதினோரு ஜோடியும் வக்கீலோடு வந்து நிற்பார்கள், எங்களுக்கும் கண் தவறியிருக்கும் என்று. மூன்றாவது, சரிபார்ப்பவர் தெரிந்தே மறைத்தது. அதில் இந்த ஒரு கோப்பு மட்டும்தான் விழும். கூடவே சரிபார்ப்பவரும் விழுவார். கோகிலவாணி மூன்றாவதைக் குறித்துக்கொண்டு அறவாழியிடம் போனாள்.

அறவாழி படித்துவிட்டுச் சிரித்தார். "நீங்க மறைச்சீங்களா? ஊட்டுக்குப் போய் ரெண்டு நாளு படுத்து எந்திரிங்கம்மா. பிரஷர் பாத்தீங்களா?"

"நெசமாத்தானுங்க சார். பாத்துட்டேதான் கையெழுத்துப் போட்டேன்."

"வெள்ளிக்கிழமை என்கிட்ட வந்து சொன்னது நெசம். அப்புறம் விசாரிச்சு, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சு போட்டிருப்பீங்க. நீங்க தப்புப் பண்ணுவீங்கன்னு நான் மேல எழுதுனா என்னைத்தான் டாக்டருகிட்ட அனுப்புவாங்க. ஆதாரம் இருக்குதா?"

ஒன்பது வருடமாக எதிரே நிற்பவர்களிடம் அவள் கேட்ட கேள்வி அது. போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு பத்து. பேக்கரி இருந்த சந்து, ஆறு இலக்கம் சுத்தமாக. ஒரே வீட்டுச் சுவரோரம் சிரித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர்.

அறவாழி படத்தைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, விரலை வைத்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஞாயிறு நாலு பத்து. சான்றில் கையெழுத்து திங்கள் பத்து இருபது.

"எதுக்கும்மா இப்படிப் பண்ணுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவங்க சிரிச்சதைப் பாத்தேனுங்க சார். இதுக்கு முன்னாடி யாரு சிரிச்சும் பாத்ததில்லை."

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மனுதாரர் இருவரும் சேர்ந்து வசித்துக்கொண்டே பிரிந்து வசித்ததாகப் பொய் சொல்லியிருக்கிறார்கள், மனு தள்ளுபடி. கோகிலவாணிக்கு ஆறு மாதம் தற்காலிக நீக்கம், உத்தரவு கையிலேயே கிடைத்தது. வராந்தாவில் பங்காளிகள் முன்னால் நாச்சிமுத்துவும் சென்னியப்பனும் ஒரே குரலில் பிள்ளைகளைத் திட்டினார்கள். மானத்தை வாங்கிவிட்டீர்கள், சட்டமே சொன்னபிறகு நாங்கள் என்ன செய்ய முடியும், ஒழுங்காகக் குடித்தனம் பண்ணித் தொலையுங்கள். கவின்குமாரும் சம்யுக்தாவும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். குனிந்த தலை நல்ல வசதி, முகம் தெரியாது. கோகிலவாணியைக் கடந்து போகும்போது இருவரும் அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஆறு மாதம் வேலையில்லை என்ற துக்கத்துக்குக் கீழே எங்கேயோ, வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷமும் நின்றது.

நீதிமன்றத்தின் பின்பக்கம், வண்டி நிறுத்தும் இடத்துக்கு அப்பால் ஒரு டீக்கடை. ஆட்டோ பிடிக்க அந்த வழியாக வந்தவள் நின்றுவிட்டாள். நாச்சிமுத்துவும் சென்னியப்பனும் ஒரே பெஞ்சில், ஒரே தட்டில் வடையைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இருவரும் எழுந்தார்கள்.

"அந்த எண்ணு படிக்கற அம்மா நீங்கதானுங்களே?" என்றார் நாச்சிமுத்து.

"ஆமாங்க."

சென்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "கோவத்துல வார்த்தையை உட்டுட்டோமுங்க. பங்காளிக கையெழுத்து வேற. திரும்பி வர வழி தெரியலை. அப்பத்தான் என்ர சம்பந்தி சொன்னாரு, ரெண்டு பசங்களையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுட்டா மத்ததை அவங்களே பாத்துக்குவாங்க, மாட்டிக் குடுக்கறதுக்குக் கோயம்புத்தூருல ஒரு அம்மா இருக்குதுன்னு."

கோகிலவாணி பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ரெண்டு வீட்டையும்..."

"நாங்கதானுங்க புடிச்சுக் குடுத்தோம். ஒரே புரோக்கரு. ரெண்டு வீதி, ரெண்டு பின்கோடு, நடுவுல ஒரே செவுரு. அப்படி ஒண்ணு அமையறதுக்கு மூணு மாசம் அலைஞ்சோம். ஏதோ அதிர்ஷ்டத்துல பக்கத்துல அமைஞ்சிருச்சுன்னு பசங்க இன்னும் நெனச்சுட்டிருக்காங்க."

"அவங்களுக்குத் தெரிஞ்சா எங்க மானம் போயிருமுங்க" என்றார் நாச்சிமுத்து. "நீங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்லமாட்டேன் என்று அவள் தலையசைத்தாள். அதே வார்த்தையை நேற்று அந்தப் பிள்ளைகளிடமும் சொல்லியிருந்தாள். சென்னியப்பன் அவளுக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, வெகுநேரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களைப் பத்தி எல்லாரும் அவ்வளவு சொன்னாங்க. நீங்க என்னங்கம்மா, இத்தனை நாளு எடுத்துக்கிட்டீங்க?"